கை நீட்டும் தூரம்

திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது, நெட்டை கொக்கியில் தொங்கிய இரண்டு வெள்ளைக் கோட்டுகளில் தவறானதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பாதிப் படி இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோட்டின் கை முழங்கையைத் தாண்டி நாலு விரல் வந்ததும் போதுமென்று நின்றுவிட்டது. அது மேனேஜரின் கோட்டு.

இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர்கள் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தன. வீட்டில் புழங்கியது இந்தப் பெயர்கள்தான். நெட்டை ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மேனேஜர் அவள் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள். ஆனால் யார் என்றைக்குச் சமைப்பது, யார் குப்பை கொட்டுவது என்று ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டி வீட்டை ஆட்டிவைப்பது அவள்தான். இருவரும் ஆப்டோமெட்ரி படிப்பில், அதாவது கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற பட்டப்படிப்பில், இரண்டாம் வருஷம். கடல் தாண்டி வந்து சேர்ந்தவர்கள். நாற்பது பேர் வகுப்பில் தமிழில் திட்டிக்கொள்ள முடிந்த இரண்டே பேர்.

கோட்டை மாற்றத் திரும்பிப் படியேறியபோது நெட்டையின் கை பாக்கெட்டுக்குள் போனது. வேவு பார்க்கவில்லை. சாவி தேடுகிற கை எந்தப் பாக்கெட் என்று பார்த்தா நுழைகிறது? சாவிக்குப் பதில் மடித்த காகிதம் வந்தது. பிரித்தாள்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடையின் சீட்டு. மேல்வரியில் மேனேஜரின் பெயர். வலது கண் மைனஸ் இரண்டரை. இடது கண் மைனஸ் இரண்டரை. போன வியாழக்கிழமை தேதி. அதற்குள் இன்னொரு சீட்டு. வேறொரு கடை. அதற்கு முந்தின வியாழக்கிழமை. அதே எண்கள்.

நெட்டை படியிலேயே நின்றுவிட்டாள். பஸ் போகும் சத்தம் கேட்டது.

கண் பார்க்கும் கருவிகள் தளம் தளமாக அடுக்கி வைத்திருக்கிற கல்லூரியில் படிப்பவள், வெளிக் கடையில் போய்க் கண்ணைக் காட்டுவானேன்? ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அதுவும் வியாழன் மதியம் நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு.

இந்தச் சீட்டு வேறு எவள் பாக்கெட்டில் இருந்திருந்தாலும் நெட்டை மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளுடைய படிப்பே இப்போது மேனேஜரின் கண்ணுக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய படிப்பில் ஒரு பரிசோதனை உண்டு. இருட்டறையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குள், கைவிளக்கு மாதிரி ஒரு கருவியால் வெளிச்சக் கோடு ஒன்றை அடிக்க வேண்டும். கண்மணிக்குள் அந்த வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஓடும். ஓட்டம் நிற்கிறவரை லென்ஸ்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நின்றதும், பரிசோதிப்பவர் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக ஓர் எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சம் என்னவோ அதுதான் எதிராளியின் பவர். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம்.

எதிராளி செய்ய வேண்டியது ஒன்றுதான். தூரத்துச் சுவரில் இருக்கும் பெரிய எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் நழுவிக் கிட்டே இருக்கும் விளக்கைப் பார்த்துவிட்டால், கண் தன்னை இறுக்கிக்கொள்ளும். மைனஸ் பவர் கூடுதலாகக் காட்டும். வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று பிடிபடாது. அதாவது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மனது வைத்தால் எதிரே விளக்குப் பிடிப்பவரைச் சத்தமில்லாமல் கவிழ்த்துவிடலாம்.

போன மாதம் நெட்டை கவிழ்ந்தாள். முதல் பிரிவுக்குத் தேர்வு நடந்தது. நாற்காலியில் மேனேஜர். நெட்டை எழுதிய விடை மைனஸ் மூன்று. ஆண்டுத் தொடக்கத்தில் அளந்து பதிந்து வைத்திருந்த சரியான விடை மைனஸ் இரண்டரை. கால் தப்பினால் மன்னிப்பு உண்டு. அரை தப்பினால் ஃபெயில். வருகிற வெள்ளிக்கிழமை, மேனேஜர் இருக்கும் இரண்டாம் பிரிவோடு சேர்த்து மறுதேர்வு. அதிலும் போனால் படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். படிப்பு போனால் விசாவும் போகும். பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆளை மாற்றிப் பழகவும் வழியில்லை. ஒருவர் கண்ணை இன்னொருவர் தொட ஆண்டுத் தொடக்கத்திலேயே சம்மதப் படிவம் எழுதி வாங்கி ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவார்கள். வருஷம் முழுக்க அதே ஜோடி. ஆய்வக மேசையில் திருகி வைத்திருக்கும் பொம்மைக் கண் மட்டும் பொது. அந்தப் பொம்மைக் கண்ணில் நெட்டைக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. மேனேஜரின் கண்ணில் ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. எப்போதும் அரை. மைனஸ் பக்கமாக அரை.

பொம்மை பொய் சொல்லாது. அப்படியானால் யார் சொல்வது?

மதிய இடைவேளையில் கல்லூரியின் பின்படியில் உட்கார்ந்து சித்திக்குப் போன் போட்டாள். சித்தி பதினெட்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டிக் காட்டுகிறவள். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

"ரெண்டு சீட்டா?" என்றாள் சித்தி. குரலில் இருப்புக்கொள்ளாத சந்தோஷம். "ரெண்டுலயும் ஒரே நம்பரா?"

"ஆமா சித்தி."

"அப்போ சந்தேகமே இல்ல. தன் கண்ணோட சரியான நம்பர் தெரிஞ்சாத்தானே எவ்வளவு தள்ளணும்னு கணக்கு பண்ண முடியும்? கால் தள்ளினா உன்ன விட்ருவாங்க. அரை தள்ளணும். அளந்து தள்றா."

"மேனேஜர் அப்படிப்பட்டவ இல்ல."

"அப்படிப்பட்டவங்க யாரு நெத்தில எழுதி ஒட்டிக்கிட்டு வர்றாங்க? இங்க தினம் பாக்கறேனே. கண்ணாடி மேல உக்காந்து நொறுக்கிட்டு, தானா உடைஞ்சதும்பான். முகம் பச்சப்புள்ள மாதிரி இருக்கும்." சித்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "அது சரி, அடுத்த வருஷம் அந்தக் கண் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் பிள்ளைங்கள்ல எத்தன பேர எடுப்பாங்கன்னு சொன்னே?"

"ஒருத்தர."

"நீங்க எத்தன பேரு கேட்ருக்கீங்க?"

 கேட்டிருந்தது இரண்டே பேர், அவளும் மேனேஜரும்.

"விரல வாயில வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ நீ," என்றாள் சித்தி. "இப்பவாவது கடி."

அன்று சாயங்காலத்திலிருந்து நெட்டைக்கு வீடே வேறாகத் தெரிந்தது. மேனேஜர் லேப்டாப்பில் எதையோ படித்துக்கொண்டிருந்தவள், இவள் உள்ளே வந்ததும் மூடினாள். ஏன் மூடினாள்? "இன்னிக்கு என் கண்ணப் பாக்கணுமா, இல்ல பொம்மையோட நிறுத்திக்கலாமா?" என்று கேட்டாள். ஏன் தவிர்க்கப் பார்க்கிறாள்? பட்டியல்படி இவள் கழுவ வேண்டிய பாத்திரங்களை அவளே கழுவி வைத்தாள். எந்தக் குற்றத்துக்குப் பரிகாரம்? சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கு வீட்டில் எல்லாச் சாமானும் சாட்சிதான். கழுவின கோப்பைகூட.

செவ்வாய்க்கிழமை காலை நெட்டை கிளினிக் அலுவலகத்துக்குப் போய் ஒரு படிவம் வாங்கினாள். 'நேர்மை தவறிய நடத்தை குறித்த புகார்' என்று தலைப்பு. கூட்டாளியின் பெயர் எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது. பரிசோதனையின்போது வேண்டுமென்றே விளக்கைப் பார்த்து விடையைக் கெடுக்கிறாள். வெள்ளிக்கிழமை எனக்கு வேறு ஆளை உட்கார வைக்க வேண்டும். ஆதாரம் என்ற கட்டத்தில், 'வியாழக்கிழமை தருகிறேன்' என்று எழுதினாள்.

கிளினிக்கை நடத்தும் பேராசிரியை வெளியூர் போயிருந்தார். வியாழன் வந்ததும் பார்ப்பார் என்று எழுத்தர் உறைக்குள் போட்டு வைத்தார். வெளிநாட்டு மாணவி மேல் இப்படி ஒரு புகார் நிரூபணமானால் விசா அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நெட்டை அதைப் படித்தாள். படித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஆதாரத்துக்கு அவள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தாள். ஆய்வகத்தில் ஒரு சொட்டு மருந்து உண்டு. கண்ணில் விட்டால் முக்கால் மணி நேரத்தில் கண்மணி விரிந்து, கிட்டே இறுக்கிப் பார்க்கும் சக்தி ஒரு நாளைக்கு உறங்கிப்போகும். சின்னக் குழந்தைகளுக்குப் பவர் பார்க்க விடுவது. சொட்டு விட்ட கண் விளக்கைப் பார்த்தாலும் ஏமாற்ற முடியாது. சொட்டு இல்லாமல் மூன்று, சொட்டு விட்டால் இரண்டரை என்று வந்தால் போதும். கண்ணே கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி. ஒவ்வொரு ஜோடியும் வருஷத்தில் ஒருமுறை இதைச் செய்து பதிவு செய்தே ஆக வேண்டும். இவர்களுடைய முறை இன்னும் பாக்கி.

"நாளைக்கு சொட்டு மருந்துப் பயிற்சிய முடிச்சிடலாமா?" என்று கேட்டாள்.

மேனேஜர் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். "பரீட்ச வாரத்துலயா? ஒரு நாள் பூரா ஒரு எழுத்துப் படிக்க முடியாதுடி எனக்கு."

"எனக்குப் பழகிக்கணும். மறுதேர்வு."

இப்போது மறுப்பாள் பார், என்று நெட்டையின் மனசு காத்துக்கொண்டிருந்தது. மறுத்தால் அதுவும் ஓர் ஆதாரம்.

மேனேஜர் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "சரி, விடு. சத்தமா நீ படி, நான் காதால படிச்சுக்கறேன்."

புதன்கிழமை பத்து மணிக்கு ஆய்வகப் பொறுப்பாளர் அலமாரியைத் திறந்து, ஒருமுறைக்கு மட்டும் பயன்படும் சின்னப் பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். நெட்டை இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டாள். மேனேஜர், "எரியுதுடி பாவி" என்று காலை உதைத்துக்கொண்டாள். காலிக் குப்பியை ஞாபகார்த்தம் என்று சொல்லிக் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அந்தப் பாக்கெட்டில் வேறு என்ன இருக்கிறது என்பது தெரிந்த நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் போனது. விளக்கை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கருவியும் ஒரு கையில் லென்ஸுமாக உட்கார்ந்தாள். விரிந்து கிடந்த கண்மணிக்குள் வெளிச்சக் கோடு பளீரென்று ஓடியது. ஒரு லென்ஸ். இன்னொன்று. ஓட்டம் தயங்கியது. இன்னொன்று. நின்றது. கையிலிருந்த லென்ஸ் மைனஸ் ஒன்று. அதிலிருந்து இரண்டைக் கழித்தாள்.

மைனஸ் மூன்று.

மறுபடி முதலிலிருந்து செய்தாள். மைனஸ் மூன்று. இடது கண். மைனஸ் மூன்று.

 இறுக்கிப் பார்க்கவே முடியாத கண். பொய் சொல்லச் சக்தியில்லாத கண். அது மூன்று என்கிறது.

"என்ன வந்துச்சு?" என்றாள் மேனேஜர்.

"மூணு."

"மூணா?" இருட்டில் மேனேஜரின் குரல் ஒரு மாதிரி இறங்கிப்போனது. "சொட்டு விட்டுமா மூணு?"

"ஆமா."



"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், கத்தாத," என்றாள் மேனேஜர். "எங்கண்ணனுக்கு இப்படித்தான் அரை அரையா ஏறிச்சு. ஏறி ஏறிக் கடைசில உள்ள விழித்திரை கிழிஞ்சு ஆபரேஷன். நீ ஒவ்வொரு தடவையும் மூணு மூணுன்னு எழுதறப்போ எனக்கு அவன் ஞாபகந்தான் வரும். காலேஜ்ல காட்டினா பதிவாயிடும், உனக்கும் தெரிஞ்சிடும். பரீட்ச நேரத்துல உன்ன ஏன் பயமுறுத்தணும்னு வெளிக் கடைல போய்ப் பாத்தேன். ரெண்டரைன்னான். நம்பிக்க இல்லாம இன்னொரு கடைக்குப் போனேன். அவனும் ரெண்டரை."

நெட்டை கருவியை மடியில் வைத்தாள்.

"அப்பறம் உன்மேலயே ஒரு டவுட்டு வந்துச்சு," என்று மேனேஜர் தொடர்ந்தாள். "வேணும்னே தப்பா எழுதறியோன்னு. ஃபெயிலாகி ஊருக்குப் போயிடலாம்னு பாக்கறியோன்னு. சிரிக்காத."

"சிரிக்கல."

"எங்கடி இருக்கே நீ? குரல் எங்கயோ கேக்குது." மேனேஜர் இருட்டில் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். குட்டைக் கை. காற்றைத்தான் பிடித்தது. "எட்டவே மாட்டேங்குது."

"எப்பவும் உக்கார்ற இடம்தான். கை நீட்டற தூரம்."

"யார் கை?"

நெட்டை நீட்டிய கையில் மேனேஜரின் நெற்றி தட்டுப்பட்டது.

எழுந்து விளக்கைப் போட்டாள். மேனேஜர் கண் கூசி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நெட்டை மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை மேனேஜரின் நெற்றியில் வைத்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையை எப்போதும் போல் நீட்டிப் பார்த்தாள். அறுபத்தேழு சென்டிமீட்டர்.

அறுபத்தேழுக்குக் கழிக்க வேண்டியது ஒன்றரை. இரண்டு அல்ல. ஒன்றரையைக் கழித்தால் வருவது மைனஸ் இரண்டரை, கடைக்காரர்கள் சொன்னதேதான். எழுத்துத் தேர்வில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இரண்டு என்பது ஐம்பது சென்டிமீட்டரில் உட்காருகிறவர்களுக்கு. திருகி வைத்த பொம்மைக் கண்ணுக்கும் அதன் முன்னால் திருகி வைத்த நாற்காலிக்கும் நடுவில் ஐம்பது. மேனேஜரின் கைக்கும் ஐம்பது.

"எனக்கு இந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டாள். கேட்கும்போதே பதிலும் வந்துவிட்டது.

விடுமுறைக்கு ஊர் போனவளுக்கு விசா புதுப்பிக்க இழுத்தடித்ததில், இந்த வருஷம் மூன்று வாரம் தாமதமாக வந்து சேர்ந்தாள். வந்ததும் மேனேஜரின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு ராப்பகலாக உருப்போட்டாள். அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். மேனேஜரின் குண்டு எழுத்து: கை தூரம். கழிக்க: 2.00.

"அது என் கைடி," என்றாள் மேனேஜர் விரலிடுக்கு வழியாக. அவளால் படிக்க முடியவில்லை. படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டிருந்தாள். "முதல் வாரம் ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, டேப் வெச்சு அளந்து, அவங்கவங்க நம்பர எழுதிக்கச் சொன்னாங்க. தையக்கடை மாதிரி ஒரே கூத்து. நீதான் வரலையே." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தன நாளா என் கைய மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கே. என் கோட்டப் போட்டாலே உனக்கு முழங்கை வரைக்கும்தான் வருது."

தன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெட்டையும் சிரித்தாள். சிரிக்கும்போதே, அலுவலக மேசையில் உறைக்குள் கிடக்கும் படிவம் ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் அறுந்தது.

அன்றைக்குச் சமையல் முறை மேனேஜருடையது. டப்பாக்களின் மேல் எழுதியிருப்பது தெரியாமல் முகர்ந்து முகர்ந்து பார்த்து அவள் சமைத்தாள். நெட்டை சாப்பிட்டாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். மூன்று தடவையும் சாப்பாட்டைத்தான் புகழ்ந்தாள்.

வியாழக்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். பேராசிரியை அவளுக்கு முன்பே வந்திருந்தார். உறை பிரிந்து கிடந்தது.

நெட்டை நடந்ததைச் சொன்னாள். பேராசிரியை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், எழுந்து நின்று கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். அந்தக் கையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இந்த வருஷம் தாமதமாக வந்தவர்கள் நாலு பேர், அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் அளக்கவில்லை போலிருக்கிறது என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

புகாரைத் திரும்பப் பெறலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும் என்றார். நெட்டை எழுதினாள்: 'நான் என் கையை அளக்கவில்லை.' பேராசிரியை படிவத்தை இரண்டாகக் கிழித்தார். ஆனால் ஒன்று மட்டும் இனி மாற்ற முடியாது என்றார். அவளுக்கு வேறு ஆளை உட்கார வைக்கச் சொல்லித் தேர்வு அலுவலகத்துக்குக் காலையிலேயே தகவல் போய்விட்டது. பட்டியல் நாளை பலகையில் ஒட்டப்படும்.

"அவளுக்குத் தெரிந்துவிடும்," என்றாள் நெட்டை.

"பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்வதா, உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதா என்பது உன் கையில்," என்றார் பேராசிரியை.

கைக்குள் இருந்ததை நெட்டை அன்று முழுக்க இறுக்கி மூடியே வைத்திருந்தாள். நாளைக் காலை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காலையில் மேனேஜர் அவளுக்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

பலகையின் முன்னால் கூட்டம். மேனேஜர் குதிகாலை உயர்த்தி நின்று படித்துக்கொண்டிருந்தாள். நெட்டைக்குப் பத்தடி தள்ளியே எல்லாம் தெரிந்தது. தன் பெயருக்கு எதிரே மேனேஜரின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் 'வரவேற்பு எழுத்தர்' என்று கையால் எழுதியிருந்தது.

"என் பேர ஏன் அடிச்சிருக்காங்க?" என்றாள் மேனேஜர் திரும்பி.

"நான்தான்."

"என்னது நீதான்?"

"நீ வேணும்னே விளக்கப் பாக்கறேன்னு எழுதிக் குடுத்தேன். செவ்வாக்கிழம. நேத்து வாபஸ் வாங்கிட்டேன். சத்தியமா."

மேனேஜர் அவளை அண்ணாந்து பார்த்தாள். வழக்கமாக அவள் அண்ணாந்து பார்த்தால் ஒரு கிண்டல் வரும். "செவ்வாக்கிழம எழுதிக் குடுத்தே. புதன்கிழம சொட்டு விட்டே."

"ஆமா."

"அப்போ அது பயிற்சி இல்ல."

"இல்ல."

"கண்ணு தெரியாம உப்ப நக்கி நக்கிப் பாத்து உனக்கு சமைச்சேன்டி. நல்லா இருக்குன்னு மூணு தடவ சொன்னே."

 "நீயும் என்ன சந்தேகப்பட்டேன்னு சொன்னியே."

"பட்டேன். பட்டு நான் கடைக்குப் போனேன். நீ ஆபீசுக்குப் போனே."

சொல்லிவிட்டு மேனேஜர் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டாள். குட்டையாக இருப்பதில் அது ஒரு வசதி. உடனே காணாமல் போய்விடலாம்.

பத்தரைக்கு நெட்டையின் மறுதேர்வு. வரவேற்பு எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரெழுத்தைப் பார்த்தார். நெட்டை கையை நீட்டித் தூரம் பார்த்துக்கொண்டாள். தன் சொந்தக் கை. வெளிச்சம் ஓடியது, தயங்கியது, நின்றது. கழிக்கும் இடத்தில் பேனா பழக்கத்தில் இரண்டை நோக்கிச் சாய்ந்தது. பிடித்து நிறுத்தி ஒன்றரை என்று எழுதினாள். விடை மைனஸ் ஒன்றேகால். தேர்வாளர் தன் தாளைப் பார்த்தார், இவள் தாளைப் பார்த்தார், ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான். விசா, படிப்பு எல்லாம் அந்த டிக்குக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டன. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சித்தி இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். எடுக்கத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு மேனேஜரின் தேர்வு. பட்டியலில் அவளுக்கு எதிரே உட்கார வேண்டியவள் நெட்டை. அந்தப் பெயரை யாரும் அடிக்கவில்லை. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். சொல்லவில்லையா, அல்லது இனிமேல்தான் சொல்லப் போகிறாளா? நெட்டை ஒன்றே முக்காலுக்கே போய் அறை வாசலில் நின்றாள். எந்த நிமிடமும் வேறு யாராவது வந்து, நீ போகலாம் என்று சொல்வார்கள் என்று நடைபாதையின் கோடியைப் பார்த்தபடியே இருந்தாள்.

வந்தது மேனேஜர் மட்டும்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "உள்ள போய் உக்காரு."

உட்கார்ந்தாள். தேர்வாளர் வர இன்னும் சில நிமிடம் இருந்தது. மேனேஜர் கருவியை எடுத்து விளக்கைச் சரிபார்த்தாள். லென்ஸ் பெட்டியைத் தன் கைக்கு எட்டும்படி நகர்த்தினாள். பிறகு கோட்டுப் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து நெட்டையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சொட்டு மருந்துக் குப்பி.

"நீ எந்தப் பக்கம் பாப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "அந்த ஒரு எடத்துக்கு நீயும்தானே கேட்ருக்கே. விடட்டுமா ரெண்டு சொட்டு?"

தேர்வறையில் அதற்கு அனுமதி கிடையாது என்று இருவருக்கும் தெரியும். நெட்டை அதைச் சொல்லவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கண்களையும் விரித்துக் காட்டினாள். கூரையில் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

ஒன்றும் விழவில்லை.

"காலிடி அது," என்றாள் மேனேஜர். குப்பி பாக்கெட்டுக்குள் போகும் சத்தம் கேட்டது. "நிமிந்து உக்காரு. எனக்குக் கழுத்து வலிக்கும்."

தேர்வாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விளக்கு அணைந்தது. மேனேஜர் நாற்காலியை நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஐம்பது சென்டிமீட்டர். நாடா இல்லாமலே நெட்டையால் சொல்ல முடிந்தது. வெளிச்சக் கோடு வந்து ஓரத்தில் நின்று கூப்பிட்டது. நெட்டை சுவரிலிருந்த பெரிய எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். இமைக்கக்கூட பயந்து பிடித்துக்கொண்டாள்.

"இமைக்கலாம்," என்றாள் மேனேஜர், தேர்வாளருக்குக் கேட்காத குரலில், லென்ஸை மாற்றியபடி. "அழாத, அது போதும். உள்ள ஒண்ணும் தெரியல."